காலியாக விட்ட கட்டம்

க்ல்தானி குடியிருப்பில்
எங்கள் நிறுவனத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு லிஃப்டுகள்.
ஒவ்வொன்றின் சுவரிலும் ஒரு தகரப் பெட்டி.
மேலே போகப் பத்து தெத்ரி,
இறங்கக் காசில்லை.

பெட்டிகளைக் காலி செய்பவர் அவ்தந்தில்.
பதினேழு வருடம் தலைக்குள் வைத்திருந்த கணக்கை
மார்ச்சில் என் மேசைமேல் கொட்டினார்,
சட்டைப்பையைக் கவிழ்ப்பதுபோல.
நான் ஒரு டேபிள் கட்டினேன்:
கட்டட எண், வாசல், வேலை, கிழமை.
காலை ஏழுக்கு ஒரு வினவல் எழும்,
இன்று என்ன கிழமை என்று
தன்னையே கேட்டுக்கொள்ளும்,
பொருந்தும் வரிகளை அவர் போனுக்கு அனுப்பும்.
அரை நாள் வேலை என்று சொல்லியிருந்தேன்.

கிழமையை எண்ணாக எழுத வேண்டும்.
எங்கள் மொழிக்கு அது புதிதல்ல.
திங்கள் எங்களுக்கு ஓர்ஷபாதி,
சனி கழிந்து இரண்டாவது.
செவ்வாய் மூன்று, புதன் நான்கு, வியாழன் ஐந்து.
வெள்ளி வந்ததும் எண்ணிச் சலித்து
வேறு பெயர் வைத்துவிட்டார்கள்.
ஞாயிறுக்கும் வாரத்துக்கும் ஒரே சொல்.
தரவுத்தளமும் திங்களை இரண்டென்றது.
இது ஜார்ஜியன் பேசுகிறது பார் என்று
எதெரியிடம் சிரித்தேன்.

வரிகளை உள்ளிட்டவள் எதெரி.
அவளுடைய பள்ளி டைரியில்
திங்கள்தான் முதல் பக்கம்;
ஆகவே ஒன்று என்று போட்டாள்.
நூற்றுப் பன்னிரண்டு முறையும்
ஒரு தவறும் இல்லாமல் போட்டாள்.

மூன்று வாரம் எல்லா வேலையும்
ஒரு நாள் முந்தி நடந்தது.
ஞாயிறு காலை, தேவாலயத்துக்குப் புறப்பட்டவர்கள் நடுவே
சில்லறைப் பையோடு நின்றாராம்.
ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.
போன் சொன்னது, போனேன் என்றார்.

திருத்தம் ஒரே வரி:
ஏழால் வகுத்த மீதியோடு ஒன்றைக் கூட்டு.
புதன் மதியம் மாற்றினேன்.
வியாழன் காலை
புதனன்று வந்த அதே பட்டியல் மறுபடி வந்தது.
நேற்றுக் காலி செய்த பெட்டிகளை
மறுபடி திறந்து திறந்து மூடினார்.
அப்படித்தான் தெரிந்தது:
இருபத்துமூன்றாம் கட்டடம், மூன்றாம் வாசல்,
ஒன்பது மாடி, முப்பத்தாறு வீடு,
ஒரு நாள் முழுக்க
நான்கு காசு.
துளையில் ஊதா நூல் ஒன்று சிக்கியிருந்தது,
மறுமுனையில் துளையிட்ட காசு.
போட்டு, ஏறி, இழுத்துக்கொள்கிற காசு.

மாலையில் வந்து என் நாற்காலியருகே நின்றார்.
ஒரு வரி சேர்க்கணும்:
இருபத்துமூன்று, மூன்றாம் வாசல்,
காசுத் துளையைச் சோதிக்க.
என்ன கிழமை?
அதைக் காலியாக விடு.
யார் வீட்டு வேலை என்று தெரியுமா என்றேன்.
நல்ல நூல், கம்பளி, என்றார்.

காலியான கட்டம் பூஜ்யம் அல்ல.
எதற்கும் சமமில்லை அது,
இன்னொரு காலிக் கட்டத்துக்குக்கூட.
தினமும் ஏழுக்கு வினவல்
அந்த வரியின் மேல் நடந்து போகிறது,
நடையில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

நேற்று எதெரி டேபிளைத் துழாவிக்கொண்டிருந்தாள்.
ஒரு வரியில் கிழமை விட்டுப்போயிருக்கு,
அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கிவிடட்டுமா?
திங்கட்கிழமை பார்க்கலாம் என்றேன்.
எந்தத் திங்கள், என்றாள்,
உன் இரண்டா, என் ஒன்றா?