வரைபடத்தில் அது தெரு

வரைபடத்தில் அது தெரு.
பெயர்ப்பலகைகூட உண்டு: ஒட்டிலியா தெரு.
பலகையை நம்பிக் காரைத் திருப்புகிறவர்கள்
முன்சக்கரம் படியில் இடித்ததும்
இறங்கி நின்று அண்ணாந்து பார்ப்பார்கள்.
மேலே மேலே படிகள்.
இருபக்கமும் வீடுகள்,
பஸ்ஸுக்குள் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி
கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு.

பத்தொன்பது வருடமாக இங்கே தபால் கொடுக்கிறேன்.
பிட்ஸ்பர்க்கில் சமதரைத் தெருக்களும் இருக்கின்றன,
கேட்டால் மாற்றிக் கொடுப்பார்கள்.
கேட்கவில்லை. ஏன் என்று
என் முழங்கால் தினமும் கேட்கிறது.

ஆற்றோரம் எஃகு ஆலை ஓடிய காலத்தில்
ஏற ஏற வாடகை குறையுமாம்.
அடிவாரத்தில் மேற்பார்வையாளர்கள்,
நடுச்சரிவில் ஜெர்மன்காரர்கள்,
ஆடும் யோசித்து ஏறும் உச்சியில் ஸ்லோவாக்கியர்கள்.
ஒரு கட்டிலை இரண்டு பேர் வாடகைக்கு எடுத்தார்கள்.
இரவு வேலைக்காரன் ஏற, பகல் வேலைக்காரன் இறங்க,
ஒருவன் எழுந்த சூட்டில் மற்றவன் படுத்தான்.
நண்பகலில் தெருவிளக்கு எரிந்தது.
வெள்ளையாகத் துவைத்த துணி
காய்வதற்குள் சாம்பல் நிறமாயிற்று.
ஜன்னலுக்கு நேர் எதிரே ஆறு.
இருந்தது என்று சொல்லக் கேள்வி.

எண்பத்து நான்கில் ஆலையை மூடினார்கள்.
"அப்பாவுக்கு வேலை போச்சு,
எங்களுக்கு ஆறு வந்துச்சு" என்பாள்
உச்சி வீட்டு லுட்மிலா ட்ஸுர்கோ.
இப்போது அந்த ஆற்றுக்குத்தான் விலை.
ஏற ஏறக் கூடுகிறது.

நாற்பத்தொன்றாம் எண்ணை வாங்கிய புதுத் தம்பதிக்குப் போன வருடம் ஒரு சோபா வந்தது.
நான்கு பேர் பாதி தூரம் தூக்கிவந்து
அங்கேயே இறக்கிவிட்டு
கூலி வேண்டாம் என்று போய்விட்டார்கள்.
மூன்று நாள் மழையில் அது தெருவிலேயே கிடந்தது.
நான் அதில் உட்கார்ந்துதான் கடிதங்களைப் பிரித்தேன்.
நான்காம் நாள் ஹ்லவாட்டி சகோதரர்கள்
ஒரு தடித்த கயிற்றோடு வந்தார்கள்.
இந்தத் தெருவின் சவப்பெட்டிகளையெல்லாம்
இறக்கிய கயிறு.
முதல் முறையாக அது
ஒன்றை மேலே ஏற்றியது.

இந்த மார்ச்சில் பதினொரு வீட்டுக்கும்
ஒரே மாதிரி உறை, நகராட்சியிலிருந்து.
படிகள்: இருநூற்றுப் பதினேழு.
நிலை: மோசம்.
மூட உத்தேசம்; ஆட்சேபனை இருந்தால் எழுதவும்.

லுட்மிலா வாசலிலேயே பிரித்துப் படித்தாள்.
உள்ளே போய்ப் பென்சில் எடுத்து வந்தாள்.
மூடுவது பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.
பதினேழை அடித்துப்
பத்தொன்பது என்று போட்டாள்.
"முப்பத்தாறு மண்சரிவுல ரெண்டு உள்ளே போச்சு.
புதைஞ்சா இல்லேன்னு ஆயிடுமா?"
தபால்தலை ஒட்டி என் கையில் கொடுத்தாள்.

பை காலி, அந்த ஒரு கடிதம் தவிர.
இறங்கும்போது, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக,
எண்ணிக்கொண்டே இறங்கினேன்.

இருநூற்றுப் பதினெட்டு.

இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.