நடுவால நடவுங்கோ

இருநூற்றுப் பதினேழு வாக்கு.
திருவிழா பஸ்சில் மூன்று நடை ஏற்றினால்
முடிந்துபோகிற சனம்.
அவ்வளவால்தான் தோற்றோம்.

மாங்குளம், சங்கக் கடையின் பின்னறை.
பிளாஸ்ரிக் கதிரை பத்து, ஆட்கள் பதினாலு.
கொழும்பிலிருந்து வந்த தயாபரராசா
வெண்பலகையில் ஒரு கோடு இழுத்தார்.
இந்த அந்தத்தில் நாங்கள், அந்த அந்தத்தில் அவர்கள்,
நடுவில் வாக்கு.
"நகரவேணும் தோழர்மார். கொஞ்சம்தான்."
பேனையில் மை காய்ந்திருந்தது.
கோட்டின் நடு மட்டும் விழவில்லை.

நான் கிளைச் செயலாளர். கூட்டக் குறிப்பு என் வேலை.
"கொஞ்சம்" என்று எழுதினேன்.
எத்தனை அடி என்று கேட்க வாயெடுத்து
தேத்தண்ணி ஊற்ற எழும்பினேன்.
அதுவும் என் வேலையாம்.

துண்டுப்பிரசுரத்தின் முதல் வரி
மூன்றாம் பக்கத்துக்குக் குடிபெயர்ந்தது.
காணாமல் ஆக்கப்பட்டோர்
அச்சகத்தின் தொலைபேசி எண்ணுக்கு நேர் மேலே.
படை பிடித்துவைத்திருக்கிற காணி
"காணிசார் பிரச்சினைகள்" ஆயிற்று.
முதல் பக்கத்தில் குளக்கட்டு, உள்வீதி, பெடியளுக்கு வேலை.
ஒன்றும் பொய்யில்லை. அதுதான் கரைச்சல்.

நிக்சன் மேசையில் அடித்தான்:
"அப்ப அவங்களுக்கே போடச் சொல்லுவமே!"
அவன் சொன்னது சரி.
அவனுடைய சரி நாலு தேர்தலாய்
ஒரு மதகுகூடக் கட்டவில்லை.

திரும்பிவந்த வருசம்
கண்ணிவெடி எடுக்கிற பெடியன் சொன்னான்:
"அக்கா, நடுவால நடவுங்கோ.
கரையில கால் வையாதேங்கோ."
இரண்டு பக்கமும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை.
தலையில் தறப்பாளோடு
நடுவால் நடந்தோம், ஒருவர் குதியை ஒருவர் பார்த்து.
உயிரோடு இருக்கிறேன். நடுவை நான் பழிக்கமாட்டேன்.

ஆனால் வீடு கரையில் இருந்தது.
கிணறு கரையில்.
அண்ணன் கடைசியாய்ச் சைக்கிள் சாத்திய பாலைமரம் கரையில்.
நடுவில் ஒருவருக்கும் வளவில்லை.
அந்தப் பெடியனும் பிறகு கரைக்குத்தான் இறங்கினான்,
முழந்தாளில் இருந்து,
சாண் சாணாய்.

இதைக் கூட்டத்தில் சொல்லியிருக்கலாம்.
தேத்தண்ணிக்குச் சீனி போதாமல் இருந்தது.

அடுத்தநாள் பிரசுரத்தை யோகமலரிடம் கொண்டுபோனேன்.
மகனின் படத்தோடு
எட்டு வருசம் கொட்டிலில் இருந்தவள்.
ஏசுவாள் என்று பதிலெல்லாம் பாடமாக்கி வைத்திருந்தேன்.
முதல் பக்கத்திலேயே கனநேரம் நின்றாள்.
"போனமுறை நான் மற்றவங்களுக்குத்தான் போட்டனான்.
குழாய்க்கிணறு அடிச்சுத் தந்தவங்கள்."

பிறகு மூன்றாம் பக்கம்.
வரியை விரலால் தடவினாள்.
"எழுத்துச் சின்னனாப் போச்சு, பிள்ளை.
அவங்கள் தண்ணி தந்தாங்கள், இவன்ர பேரைக் கேக்கேல்ல.
நீங்கள் பேரைக் கேட்டனீங்கள்,
ஒருநாளும் தண்ணி இருக்கோ எண்டு கேக்கேல்ல."

இருநூற்றுப் பதினேழில் ஒன்று.
மிச்சம் இருநூற்றுப் பதினாறு பேருக்கும்
வெண்பலகையில் நாங்கள் வைத்த பேர் நடு.

அச்சகத்துக்கு அடித்தேன்.
மூன்றாம் பக்க எழுத்தைப் பெருப்பிக்கச் சொன்னேன்.
இடமில்லை என்றான்.
தலைவரின் படத்தைச் சிறுப்பியுங்கோ என்றேன்.
அதுக்கு மேலிடத்துக் கடிதம் வேணுமாம்.

வீட்டுக்கு நடக்கிறேன், பழைய பழக்கத்தில் நடுவால்.
ஏ-ஒன்பதில் பின்னாலே லொறி
ஹோர்னை விடாமல் அமத்துகிறது.
கரைக்குப் பாய்கிறேன்.

புல்லுக்குள் ஒரு கால்.
இத்தனை வருசத்துக்குப் பிறகும்
முதலில் பெருவிரல்தான் இறங்குகிறது,
மண்ணிடம் கேட்டுக்கேட்டு.