இடப்பக்கக் கண்ணாடி

கஸ்பேகி சதுக்கத்தில் நிற்கும் எங்கள் வேன்கள்
ஜப்பானில் பிறந்தவை. ஸ்டியரிங் வலப்பக்கம்.
ஜார்ஜியாவில் சாலையும் வலப்பக்கம்.
எதிரே வருகிறவனிடம் ஒரு வார்த்தை பேச
இடப்பக்கக் கண்ணாடி இறங்கியாக வேண்டும்.

அதுதான் பாதியில் நின்றுவிட்டது,
கணவாயில் முதல் பனி விழுந்த அன்று.
ஏறவில்லை. இறங்கவில்லை.
பின்னால் நான்கு போலந்துக்காரர்கள்
தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு
பரவாயில்லை என்றார்கள்,
பரவாயில்லாத குரலில்.

ஒயின் அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒட்டினேன்.
மூன்று நாள் அந்தப் பக்கம்
மலையே இல்லை.

நான்காம் நாள் கொட்டகையில் தொடங்கினேன்.
என் பக்கத்துக் கண்ணாடியும் அதே ஃப்யூஸில்தான் ஓடுகிறது,
ஆக ஃப்யூஸில் குற்றமில்லை.
தெரிந்தும் பிடுங்கிப் பார்த்தேன்.
சுவிட்சைக் கழற்றிச்
செம்புக் கால்களைத் தேய்த்து மாட்டினேன்.
கதவில் காதை வைத்து அழுத்தினேன்.
கண்ணாடி சிக்கியிருந்தால் மோட்டார் முனகும்.
பல் தேய்ந்திருந்தால் வெறுமனே சுற்றும்.
இது
ஒன்றும் சொல்லவில்லை.
ஓங்கி ஒரு குத்து விட்டேன்,
தூங்கும் மோட்டார் சில நேரம் அடிக்கு விழிக்கும்.
விழித்தது என் மணிக்கட்டு.

இனி சோதனை விளக்கு.
ஒருவர் சுவிட்சில், ஒருவர் கதவில்.
என்னிடம் இருப்பதோ ஒரு ஆள்.

வேலிக்கு அந்தப் பக்கம் உஷாங்கி.
போன வருடத்துக்கு முந்தின கோடையில்
என் முறைக்கு வந்த இரண்டு டச்சுக்காரர்களை
தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவன்.
அதற்குப் பிறகு இந்த வேலியைத் தாண்டியது
நாய்கள் மட்டும்.

நான் கூப்பிடவில்லை.
குத்துச் சத்தம் கேட்டு வந்திருப்பான்.
விளக்கைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"இப்ப?" என்றேன்.
"இல்ல."
"இப்ப?"
"இல்ல."
"இப்ப?"
"நஸிப்ரோலா, இல்லன்னா இல்ல."

மண்டியிட்டிருந்தவன் கால் மரத்துப்போய்
எழும்போது முழங்காலால் கதவைத் தள்ளினான்.
அவன் முஷ்டிக்குள் விளக்கு சிமிட்டியது.

கதவைப் பாதி திறந்தால் மின்சாரம் வருகிறது.
சாத்தினால் இல்லை.
முழுக்கத் திறந்தாலும் இல்லை.
ஓட்டும்போது பாதிக் கதவோடு ஓட்ட முடியுமா என்று
இருவருமே ஒரு கணம் யோசித்தோம், எனக்குத் தெரியும்.

கீல் பக்கத்தில் கறுப்பு ரப்பர் குழாய்.
அதை உருவினால் ஏழு வயர்.
பச்சையில் தோல் கிழியவில்லை,
வளைத்துப் பார்த்தால் உள்ளே எலும்பு இல்லாத இடம் ஒன்று.
இருபத்தாறு வருடம் ஏறினவர்கள், இறங்கினவர்கள்,
படாரென்று சாத்தினவர்கள்,
எல்லாரும் மடித்தது அந்த ஒரே இடத்தை.

வெட்டினேன். புது வயர் ஒரு சாண் வைத்தேன்.
"முடிச்சு மடியிற இடத்துல வரக்கூடாது," என்றான்.
தெரியும் என்றேன்.
இழுத்துப் பிடித்தேன்.
"கொஞ்சம் தொய்வு விடு," என்றான்.
விட்டேன்.

கண்ணாடி ஏறியது, ஒயின் பெட்டியின் பசையோடு.
சட்டைக் கையால் அதைத் துடைத்தான்.
காபிக்குத் தண்ணீர் வைத்துத் திரும்பினால்
ஆள் இல்லை.
பலகையில் ஒரு கிளிப் மாட்டாமல் கிடந்தது.
அன்றிலிருந்து கதவு கடகடக்கிறது.

மறுநாள் காலை சதுக்கத்தில்
எனக்கு முன்னால் வண்டியை நுழைத்தான்.
கத்தினேன். அவனும் கத்தினான்.
முறை எழுதும் நோட்டு சேற்றில் விழுந்தது.

சாயங்காலம் கோபி வளைவில் அவன் வேன் எதிரே.
வேகம் குறைந்தது, முதலில் யாருடையது என்று சொல்ல மாட்டேன்.
அவன் இடப்பக்கம் இறங்கியது. என்னுடையதும்.
நடுவே இரண்டு காலி இருக்கை,
நுழைந்து விழும் பனி.

"இப்ப?" என்றான்.

"ஏறுது," என்றேன். "இறங்குது."

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.