கேட் திறந்திருந்தால் ஏழு நிமிஷம்

இருபத்திரண்டு வருஷமாக
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர்களை
ஆட்டோவில் ஏற்றியிருக்கிறேன்.
சமாதானபுரம் தாண்டுவதற்குள் கேட்டுவிடுவார்கள்:
"ஹார்ட்டுக்கு எந்த டாக்டர்ணே நல்லவரு?"
சொல்லியும் இருக்கிறேன்,
கைராசி பார்த்து, ஃபீஸ் பார்த்து,
சில நாள்
எனக்கு வண்டி திருப்ப வாகான இடம் பார்த்து.

போன செவ்வாய் ஸ்டெப்னியைத் தூக்கும்போது
இடது தோளிலிருந்து ஒரு கம்பி இழுத்தது.
வாயு என்று நினைத்து கோலி சோடா குடித்தேன்.
கடைக்காரர்தான் கேட்டார்,
"ஓய் மைதீன் பிச்சை,
சட்டை ஏன்வே இப்படி நனைஞ்சிருக்கு?"

நர்ஸ் அந்த நீளக் காகிதத்தை மடித்துக் கொடுத்து
இந்த வாரத்துக்குள் யாரிடமாவது போயிருங்க என்றாள்.
யாரிடமாவது.

ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி
பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன்.
டிரைவர் சீட்டின் கிழிசல் மட்டும்தான் தெரிகிறது.
இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

வண்ணார்பேட்டையில் ஒருவர்.
அவரிடம் போனவர்கள் சிரித்துக்கொண்டே வருவார்கள்.
எதற்குச் சிரித்தார்கள் என்று
இப்போதுதான் யோசிக்கிறேன்.

ஜங்ஷன் பக்கம் இன்னொருவர், மூன்றாம் மாடி.
லிஃப்ட் பழுது என்று அட்டை தொங்கும்
இருதய ஆஸ்பத்திரி.
மருமகன் செல்லில் அவருக்குத்தான்
நட்சத்திரம் கூடுதல்.

ஹைகிரவுண்டில் பெரியாஸ்பத்திரி, காசு கிடையாது.
அங்கே தூக்கம் கெட்ட கண்ணோடு ஒரு சின்ன டாக்டர்
முக்கூடல்காரர் ஒருவருக்கு
சீட்டின் பின்பக்கம் இதயம் வரைந்து காட்டினான்,
உரிக்காத தேங்காய் மாதிரி இருந்தது,
எனக்கே புரிந்தது.
மறுமாசம் அவனை மாற்றிவிட்டார்கள்.

அப்புறம் பாளையங்கோட்டையில் அந்தம்மா.
களக்காட்டு வாழைக்காய் வியாபாரியைக் கொண்டுபோனேன்.
தொட்டுப் பார்த்தார், படம் பார்த்தார்,
"இது என்னால முடியாது. மதுரைக்குப் போகணும்" என்றார்.
அவரே போன் பேசி, வண்டி வரவழைத்து,
அது வரும்வரை வாசலில் நின்றார்
காலில் செருப்பில்லாமல்.
ஃபீஸ் வாங்கவில்லை.
வியாபாரி கங்கைகொண்டான் தாண்டவில்லை.
இதை எந்தக் கணக்கில் எழுத?

மடியில் முறத்தோடு
இலை நறுக்கிக்கொண்டே செய்யதலி பாத்திமா கேட்டாள்:
"பீடியை விடச் சொல்லுவாங்களோ?"
"சொல்லுவாங்க."
"எல்லா டாக்டருமா?"
"எல்லா டாக்டரும்தான்."
"அப்போ யார்ட்டப் போனா என்ன."
கட்டு பிரித்து எண்ணினாள்.
இருபத்தஞ்சுக்கு இருபத்தேழு வைத்துச் சுற்றினாள்.
கல்யாணமான நாளிலிருந்து
அவள் எண்ணிக்கை பிசகி நான் பார்த்ததில்லை.

ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டியை எடுத்தேன்.
மேலப்பாளையத்திலிருந்து வண்ணார்பேட்டை பதினொன்று.
ஜங்ஷன் பதினாலு, மாடிப்படி தனி.
திரும்பி வீட்டு வாசலுக்கே வந்து
அங்கிருந்து பாளையங்கோட்டைக்குக் கிளம்பினேன்.
அந்தம்மா ஆஸ்பத்திரி ஏழே நிமிஷம்,
குலவணிகர்புரம் கேட் திறந்திருந்தால்.

அடைத்திருந்தது.
நாகர்கோவில் பக்கமிருந்து ஏதோ ஒரு ரயில்
வருகிறேன் வருகிறேன் என்று வரவில்லை.
மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணத் தொடங்கி
பாதியில் விட்டுவிட்டேன், பயம்தான்.
கேட்காரர் டார்ச்சை உள்ளே அடித்தார்.
"என்ன பாய், இந்நேரம் சவாரியா?"
"ஆமா."
"ஆளைக் காணோமே?"

ரயில் போக ஒன்பது நிமிஷம்.
ஏழும் ஒன்பதும் பதினாறு.
கணக்குப்படி வண்ணார்பேட்டைதான் ஜெயித்தது.

இருந்தாலும் காலையில்
செருப்பில்லாத அந்தக் காலை நினைத்துக்கொண்டு
பாளையங்கோட்டைக்குப் போய் டோக்கன் கேட்டேன்.
பெயர் எழுதுகிற பெண் நிமிராமல்
"பேஷண்ட் எங்கே?" என்றாள்.
பழக்கதோஷம்,
"வண்டியில இருக்காரு" என்றேன்.