ஒரு பக்கம் இரண்டு பெசோ

மருத்துவமனை வாசலுக்கு எதிரே
அடகுக்கடைக்கும் சவப்பெட்டிக் கடைக்கும் நடுவில்
என் நகல் இயந்திரம்.
மணிலாவில் வியாபாரத்துக்கு
இதைவிட நல்ல இடம் கிடையாது.

பயாப்ஸி முடிவைப் படிக்க எனக்குத் தெரியாது.
எந்தத் தாளைக் கொடுக்கும்போது
கை நீண்டு, ஒருமுறை பின்வாங்கி,
மறுபடி நீள்கிறதோ
அதுதான் அந்தத் தாள் என்று தெரியும்.

லிகாயா திமாகுலாங்கன்
மிந்தோரோவிலிருந்து இரவுப் படகில் வருவாள்.
மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி.
ஊசிக்கு முன்னால் காகிதம்:
டாக்டர் கடிதம், மருந்துக்கடை விலைச்சீட்டு,
வாக்காளர் அட்டை,
இவள் ஏழைதான் என்று
ஊர் அலுவலகம் முத்திரை குத்திய சான்று.
எல்லாவற்றிலும் ஐந்து நகல்.
செனட்டர் அலுவலகத்துக்கு, லாட்டரி அலுவலகத்துக்கு,
மாகாண ஆளுநருக்கு, எம்.பி.க்கு,
தொலைந்துபோவதற்கு ஒன்று.
மங்கலாக இருந்தால் திருப்பி அனுப்புவார்கள்.
அதனால் கறுப்பைக் கொஞ்சம் கூட்டியே வைத்திருக்கிறேன்.

ஏழைச் சான்று மூன்று மாதம்தான் செல்லும்.
“அதற்குள் நான் பணக்காரி ஆகிவிடுவேன் என்று
பயம் அவர்களுக்கு” என்பாள்.
சிரித்ததில் தலைத்துணி நழுவும்.
அவள் குடும்பப் பெயருக்கு
தகலாக்கில், குறைபடாதவர் என்று அர்த்தம்.
எந்த நகலிலும் அது பளிச்சென்று விழும்.

ஐந்தாவது ஊசிக்குப் புருஷனின் படகு எஞ்சின் போனது.
ஏழாவதுக்கு என்ன போனது, சொல்லவில்லை.
ஒன்பதாவதுக்கு
அடகுச்சீட்டையும் நகல் எடுத்தாள்.
“கடலில் அசல் நனைந்துவிட்டால்
மோதிரத்தை யாரிடம் கேட்பது?”

ஒரு வியாழக்கிழமை, நல்ல மழை.
என் மேசையில் கடிதங்களைப் பரப்பிக் கூட்டினாள்.
செனட்டர் பத்தாயிரம்.
லாட்டரி எட்டாயிரம்.
ஆளுநர் மூவாயிரம்.
எம்.பி.யின் செயலாளர் போனை எடுக்கவில்லை.
மூன்று முறை கூட்டினாள், மேலிருந்து கீழே,
கீழிருந்து மேலே.
கூட்டலில் தப்பில்லை.
நாலாயிரத்து முந்நூறு உதைத்தது.

“உன் மெஷின் நோட்டு அடிக்குமா?”
“கறுப்பு வெள்ளையில்தான் அடிக்கும்.”
“பரவாயில்லை,
மருந்துக்கடைக்காரிக்கும் கண் மங்கல்.”

நாலாயிரத்தை எடுத்துக் கொடுத்தேன் என்று
சொல்ல எனக்கும் ஆசைதான்.
அன்று அவளிடம்
இருபது பெசோ வாங்காமல் விட்டேன்.
அவ்வளவுதான்.
அடுத்தவன் அதற்குள்
தன் தாளைக் கண்ணாடியில் கவிழ்த்திருந்தான்.

பிறகு அவள் வரவில்லை.
படகு இல்லையோ,
மூலைக்கடையில் ஒன்றரை பெசோவோ.
மூன்றாவதாக ஒன்றை
நான் நினைப்பதில்லை.

கோணலாக விழுந்த தாள்களை எறிய மாட்டேன்.
அவற்றின் பின்பக்கத்தில்தான்
என் மகள் ஆமிஹான் வீட்டுப்பாடம் போடுவாள்.
நேற்று இரவு ஒன்றைத் திருப்பினேன்.
திமாகுலாங்கன், லி. வயது நாற்பத்தாறு.
இடது பக்கம்.
மூன்று புள்ளி இரண்டு சென்டிமீட்டர்.

இந்தப் பக்கம்
பென்சிலை அழுத்தி அழுத்தி
கடன் வாங்கிக் கழித்தல்.

“அம்மா, மூன்றிலிருந்து எட்டு போகாது.”
“பக்கத்தில் கடன் வாங்கு.”
“பக்கத்தில் சுழியம்.”
“அதற்கும் பக்கத்தில் கேள்.”
“அங்கேயும் சுழியம்.”

பென்சிலைக் கடித்துக்கொண்டு
என் முகத்தையே பார்த்தாள்.