மூன்று மைலுக்கு அப்பால்

பண்டாரவளைக் கோட்டடியில், சைக்கிள் கடைக்குப் பக்கத்தில்
என் டைப்ரைட்டர்.
ஐம்பத்தொன்று, ஜூலைக் கடைசி.
பிரஜாவுரிமை மனுவுக்கு இன்னும் ஒன்பது நாள்.
காற்று தாளைப் பிடுங்கிவிடாமல்
அரை றாத்தல் படிக்கல் ஒன்றை வைத்திருந்தேன்.

ஊசிமலைத் தோட்டம், மேல்கணக்கு,
எஸ். வீரபுத்திரன்.
உட்காரச் சொன்னேன், நின்றார்.
உங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள் என்றேன்.
கப்பலின் வரலாற்றைச் சொன்னார்.

பேர் ஸ்வாலா.
பாய்லருக்குக் கரி அள்ளிய எங்கள் வாயில் சுவாலை.
நோர்வேயில் கட்டியது, திமிங்கிலம் குத்த.
சண்டை வந்ததும் முகப்பிலிருந்த ஈட்டித் துவக்கைக் கழற்றிவிட்டு
பின்பக்கம் கம்பிச் சுருளை ஏற்றினார்கள்.
கொடியையும் மாற்றினார்கள்.
அதற்கு ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது.

நாற்பத்தொன்று மாசியில் கொழும்புக்கு வந்தது.
துறைமுக வாசலைக் கூட்டுவது அதன் வேலை.

கூட்டுவதா?

கூட்டுவதுதான் ஐயா.
கம்பிக்குப் பல் உண்டு. தண்ணீருக்கடியில்
கண்ணிவெடியின் தாம்பை அறுத்துக்கொண்டே போகும்.
அறுந்தது மேலே வந்து
கொம்பு கொம்பாய் மிதக்குமாம்,
தளத்தில் நிற்பவர்கள் சுடுவார்களாம்.
நான் கண்டதில்லை. நான் கீழே.
சத்தம் முதலில் காலில் வரும்,
பிறகுதான் காதுக்கு.

எத்தனை அகப்பட்டது?

நாலு வருஷத்தில் பதினொன்று.
மற்ற நாளெல்லாம் கப்டனின் புத்தகத்தில் ஒரே வரி:
கூட்டினோம், ஒன்றும் அகப்படவில்லை.
அதுதான் நல்ல நாள்.
அன்றைக்குத்தான் தேயிலைக் கப்பல்கள் போகும்.
ஒரு தடவை பாதையில் ஊசிமலைப் பெட்டிகளைக் கண்டேன்,
எழுத்து பாதி நனைந்து.
யார் கிள்ளியதோ.

நான் தட்டிக்கொண்டே வந்தேன்.
தேவரீர் சமூகத்திற்குப் பணிவுடன் அறியத்தருவது,
அடுத்து, அடுத்து, என்று போய்
ஏழாம் கேள்வியில் விரல் நின்றது.
தீவுக்கு வெளியே தங்கியதுண்டா? எவ்வளவு காலம்?

எங்கே கூட்டினீர்கள்?
வெளிச்சவீடு தெரியும்.
எவ்வளவு தூரம்?
எட்டு மைல் என்பார் கப்டன். சில நாள் பன்னிரண்டு.

கரையிலிருந்து மூன்று மைல்தான் நாடு.
அதை அவருக்குச் சொல்ல எனக்கு
ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் எடுத்தது.

பொழுது விடியப் போய் இருட்டுக்கு முன் திரும்புவோம் ஐயா,
ராத்திரியெல்லாம் கொழும்பில்தானே படுத்தேன்.

கணக்குப் போட்டோம்.
நாளுக்குப் பத்து மணி, மழைக்காலம் கழித்து,
நாற்பத்திரண்டில் ரிப்பேருக்கு நின்ற ஆறு கிழமை கழித்து.
தாளின் பின்பக்கம் முழுக்க என் பென்சில்.
கந்தோரில் இன்னொரு பென்சில்
இதைவிடக் கூராகக் காத்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.
"இல்லை" என்று தட்டினேன்.
சேவைச் சீட்டைச் சேர்க்க வேண்டாம் என்றேன்.

அவர் சேர்க்கச் சொன்னார்.
அதில் என் பேர் இருக்கிறதே, என்றார்.
வேறெதில் இருக்கிறது?

இரண்டு ரூபாயில் ஒன்றைத் தந்தார்.
மற்றது சம்பளத்துக்குப் பிறகு.

ஐம்பத்துநாலில் கடிதம் வந்தது.
ஏழாம் கேள்வியைச் சுற்றிச் சிவப்பு மை.
வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. வாசித்திருந்தார்.
பாக்கி ஒரு ரூபாயைப் படிக்கல்லுக்குக் கீழே வைத்தார்.

வேறென்ன கேட்பதென்று தெரியாமல்
கப்பலுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.

நாற்பத்தாறில் கொடி இறக்கி உடைத்தார்கள்.
கம்பியை ஏலத்தில் எடுத்தது எங்கள் துரைதான்,
பல்லில்லாத துண்டு, எண்ணூறு யார்.
லொறியில் ஏறி மலைக்கு வந்தது.
தோட்டத்துச் சாமான் புத்தகத்தில் பதிந்தாயிற்று.
இப்போது அதில்தான் கொழுந்து மூட்டை இறங்குகிறது,
பள்ளத்தாக்குக்கு மேலே, ஸ்டோருக்கு.

பனி மூடின காலையில் எதுவும் தெரியாது ஐயா.
கம்பி மட்டும் தொங்கும்.
திடுமென்று ஒரு மூட்டை மிதந்து வரும்.
அதற்கு முன்னமே
காலில் தெரியும்.