சிவப்புக் கட்டைக்கு அங்கால

வன்னியில் மலையில்லை.
நெடுங்கேணிப் பக்கம் ஒரு மண்மேட்டைக் காட்டி
மலை எண்டுவினம். ஏறி முடிய முன்னம்
அது இறங்கிவிடும்.
இதைத்தான் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்
பக்கத்துச் சீற்றில் சிவநேசன்,
நீர்ப்பாசனத் திணைக்களம், பிறந்தது கொஸ்லந்தை.
"எங்க பக்கம் ஒரு சில்லு ஆகாயத்துலதாங்க ஓடும்.
இதெல்லாம் ஒரு ஓட்டமா?"

நான் பேசவில்லை.
மார்கழி மழை. ஒட்டுசுட்டான் தாண்டிக் காடு.
பின்னால் இரண்டு பரல் டீசல்,
நாவலடிமுறிப்புக் குளக்கட்டில்
எண்ணெய் தீர்ந்து நிற்கிற பெக்கோவுக்கு.
வான் பாயுது, கட்டில் கசிவு ஒரு கை அகலம் எண்டு
விடிய போன் வந்தது.
பிறகு சிக்னல் இல்லை.

தண்ணீர் தொடங்கிற இடத்தில் இறங்கி
முன்சில்லுக் குமிழ் இரண்டையும்
கையால் திருப்பிப் பூட்டினன்.
குச்சியால் டயர்க் காற்றை இறக்கினன்,
அது வயிறு தள்ளுமட்டும்.
லோ ஃபோர். இரண்டாம் கியர்.
சேற்றுக்குள் கியர் மாத்திறவன்
அங்கேயே குடியிருக்க வேணும்.
பெருவிரல் ஸ்டியரிங்குக்கு வெளியில்,
இல்லாட்டி வேர் தட்டுற நேரம்
அது விரலை முறிச்சுப்போடும்.

இரண்டு பக்கமும் பாலைமரம். நடுவில் சிவப்புக் கஞ்சி.
யானை நடந்த குழிகள், ஒவ்வொன்றும் ஒரு அண்டா.
வண்டி சரிய, பரல்கள் கயிற்றை இழுத்து முனக,
சிவநேசனின் சிரிப்பு எந்தக் குழியில் விழுந்ததெண்டு
நான் கவனிக்கவில்லை.
கூரைப் பிடியில் இரண்டு கையும் இருந்தது.

மூன்றாவது மைலில் மதகைக் காணோம்.
அது இருந்த இடத்தில்
ஒரு ஆள் தாழ்ச்சிக்குத் தண்ணீர் சுழன்றது.
இடப்பக்கம் வெட்டை. முழங்கால் உயரப் புல்.
அதுக்குள்ளால் போய் மேட்டில் ஏறினால்
திரும்பப் பாதையில் சேரலாம்.
சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்.

எனக்குக் கால் வரவில்லை.

பதினொரு வருசம்
கண்ணிவெடி எடுக்கிறவையின் வண்டி ஓட்டினவள் நான்.
வெள்ளைக் கட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் நடுவில்
எட்டடி, அவ்வளவுதான் பூமி.
சிவப்புக்கு அங்கால
தொப்பி பறந்தாலும் சரி, செருப்பு விழுந்தாலும் சரி,
அது விழுந்ததுதான்.
மாடு போனால் மாட்டுக்காரன் நின்று கூப்பிடுவான்.
பொழுதுபடும்வரை கூப்பிடுவான்.

இந்த வெட்டையைத் துப்பரவாக்கினதும் நாங்கள்தான்.
சுபத்திராவும் றெஜினாவும் முழங்காலில் நின்று
புல்லை அங்குலம் அங்குலமாய் வெட்டி.
கடைசிக் கட்டைகளைப் பிடுங்கி
இப்பிடி ஒரு பிக்கப்பில் ஏத்திக்கொண்டு போனது நான்.
பத்திரத்தில் கையெழுத்து இருக்கு, முத்திரை இருக்கு.
ஆறு மாரி போய்விட்டது.
கால் பத்திரம் வாசிக்காது.

"ஒரு நிமிசம் அக்கா."
சிவநேசன் கதவைத் திறந்தார், குடையை விரித்தார்,
புல்லுக்குள் நேரே நடந்துபோய்
முதுகு காட்டி நின்றார்.

கத்தினன்.
என்ன சொல்லிக் கத்தினன் எண்டு இண்டைக்கும் தெரியாது.
பாதி அலுவலில் திரும்பினார்,
குடை ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம்.
"பாம்பாங்க?"

மழை பெய்துகொண்டிருந்தது.
அவர் நின்ற இடம் அப்படியே இருந்தது.
அவரும் இருந்தார்.

"அதில நில்லுங்கோ, வாறன்" எண்டன்.
இடப்பக்கம் ஒடித்தன்.
முதற் சில்லு புல்லில் ஏற
வாய்க்குள் எதையோ கடித்துக்கொண்டிருந்தன்,
பிறகு பார்த்தால் நாக்கு.
அவருடைய சப்பாத்துத் தடத்தில்
இருபது எட்டு தூரம்.
அவர் ஏறினார். ஒன்றும் கேட்கவில்லை.
அதுக்குப் பிறகு தடமில்லாத புல்.

அதிலும் ஓடினது வண்டி.

குளக்கட்டில் பெக்கோக்காரன் துள்ளினான்.
"நாலு மணித்தியாலம்! எங்க போனனீங்கள்?"
சிவநேசன் என்னைப் பார்த்தார்.
"றோட்டு இல்லையடாப்பா" எண்டு
பரல் மூடியைத் திருகினன்.